திரவ ஹீலியம்-3இன் ஃபெர்மி வெப்பநிலை 4.9 கெல்வினா, 1.8 கெல்வினா?

கேள்வி இதுதான்: தனிச்சுழிக்கு (0 கெல்வினுக்கு) அருகில் திரவ ஹீலியம்-3இன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 0.081 கிராம். அதன் ஃபெர்மி ஆற்றலும் ஃபெர்மி வெப்பநிலையும் என்ன? கணக்குப் போட்டால் 4.9 கெல்வின் வருகிறது, சில இடங்களில் 1.8 என்று போட்டிருக்கிறதே, எது சரி?

இரண்டும் சரிதான், ஆனால் இரண்டும் ஒரே பொருளைக் குறிக்கவில்லை. ஃபெர்மி ஆற்றல் என்பது தனிச்சுழியில் துகள்கள் நிரப்பியிருக்கும் நிலைகளில் மிக உயர்ந்ததன் ஆற்றல்; அதைப் போல்ட்ஸ்மன் மாறிலியால் வகுத்தால் ஃபெர்மி வெப்பநிலை. முதலில் கணக்கை முடித்துவிடுவோம்.

ஹீலியம்-3 அணுவில் 2 புரோட்டான், 1 நியூட்ரான், 2 எலக்ட்ரான். மொத்தம் ஐந்து, ஒற்றைப்படை. அதனால் அணு முழுவதுமே ஒரு ஃபெர்மியான் (ஒரே நிலையில் இரண்டு இருக்க முடியாத துகள்), தற்சுழற்சி (ஸ்பின்) அரை. (ஹீலியம்-4இல் ஆறு, அது அந்தக் கட்டுப்பாடு இல்லாத போசான், அதற்கு ஃபெர்மி ஆற்றல் என்ற பேச்சே இல்லை.) இங்கே நாம் எண்ணுவது அணுக்களை, எலக்ட்ரான்களை அல்ல.

ஓர் அணுவின் நிறை 3.016 அணு நிறை அலகு, அதாவது 5.01 × 10⁻²⁷ கிலோகிராம். அடர்த்தியைக் கன மீட்டருக்கு 81 கிலோகிராம் என்று மாற்றி இந்த நிறையால் வகுத்தால் எண் அடர்த்தி கன மீட்டருக்கு 1.62 × 10²⁸. இதை 3 × பை²-ஆல் பெருக்கிக் கனமூலம் எடுத்தால் ஃபெர்மி அலை எண்: மீட்டருக்கு 7.82 × 10⁹. அதன் வர்க்கத்தை ஹெச்-பாரின் (பிளாங்க் மாறிலி ஹெச்-ஐ 2 × பை-ஆல் வகுத்தது) வர்க்கத்தால் பெருக்கி, நிறையின் இரு மடங்கால் வகுத்தால் 6.8 × 10⁻²³ ஜூல், அதாவது 4.2 × 10⁻⁴ எலக்ட்ரான் வோல்ட். போல்ட்ஸ்மன் மாறிலியால் வகுத்தால் 4.9 கெல்வின்.

வேறு விடை வந்தால், எங்கே தடுமாறினோம் என்பதை அந்த எண்ணே காட்டிக்கொடுக்கும். 0.05 கெல்வின் வந்தால் அடர்த்தியை அலகு மாற்றாமல் 0.081 என்றே போட்டிருக்கிறீர்கள். எண் அடர்த்தி ஆயிரம் மடங்கு குறைந்தால் ஆற்றல் நூறு மடங்கு குறையும். 194 கெல்வின் என்றால் ஹெச்-பாருக்குப் பதில் ஹெச். 27,000 கெல்வின் என்றால் எலக்ட்ரானின் நிறை உள்ளே புகுந்திருக்கிறது. 7.8 வந்தால் ஒவ்வோர் அலை நிலையிலும் மேல், கீழ் தற்சுழற்சியோடு இரண்டு அணுக்கள் இருக்கலாம் என்பதை விட்டுவிட்டு 3-க்குப் பதில் 6 போட்டிருக்கிறீர்கள். 7.3 வந்தாலோ அட்டவணையில் ஹீலியம்-4இன் 0.145-ஐ எடுத்துவிட்டீர்கள். 4.0 என்பது கொஞ்சம் நுட்பமான பிழை: 3.19 கெல்வின் கொதிநிலையில் உள்ள அடர்த்தியை, ஏறத்தாழ 0.059-ஐ, எடுத்தால் அப்படி வரும்.

இப்போது 1.8க்கு வருவோம். மேலே போட்ட கணக்கு, அணுக்கள் ஒன்றையொன்று கண்டுகொள்ளாத வாயுவுக்கானது. உண்மையில் இது நெருக்கியடித்த திரவம். ஓர் அணு நகர வேண்டுமென்றால் சுற்றியுள்ளவை ஒதுங்கி வழிவிட வேண்டும். அதனால் அது கனத்த துகள்போல நடந்துகொள்கிறது. சோவியத் இயற்பியலாளர் லாண்டாவ் 1956இல் தந்த ஃபெர்மி திரவக் கோட்பாடு இதைத்தான் பயனுறு நிறை என்கிறது. அழுத்தம் இல்லாத நிலையில் அது வெற்று நிறையைப்போல 2.8 மடங்கு. 4.9-ஐ 2.8ஆல் வகுத்தால் 1.76 கெல்வின், ஃபெர்மி வேகமும் நொடிக்கு 165 மீட்டரிலிருந்து 59 மீட்டராக இறங்கும். (பழைய நூல்களில் 3.0 மடங்கு என்று இருக்கும். அளந்தபோது பயன்படுத்திய வெப்பநிலை அளவுகோல் பின்னர் திருத்தப்பட்டதால் வந்த வேறுபாடு அது.)

இந்த 2.8 வெப்ப ஏற்புத்திறனை அளந்து எடுத்த எண். இடைவினை இல்லாத வாயுக் கணக்கின்படி 10 மில்லிகெல்வினில் ஒரு மோலுக்கு 0.083 ஜூல்/கெல்வின் இருக்க வேண்டும். அளந்தால் 0.23 வருகிறது. காந்த ஏற்புத்திறனில் இன்னும் மோசம், ஏறத்தாழ 9 மடங்கு. அங்கே பயனுறு நிறையோடு தற்சுழற்சிகளுக்கு இடையிலான இடைவினையும் சேர்ந்துகொள்கிறது. ஆக ஒரே ஒரு திருத்தக் காரணியை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சமாளிக்க முடியாது.

இந்தத் திருத்தங்களால் மாறாமல் இருப்பது ஃபெர்மி அலை எண் மட்டும்தான். அது எண் அடர்த்தியை மட்டுமே நம்பியிருக்கிறது. கணக்கில் நான் முழுசாக நம்புவது அந்த 7.82 × 10⁹-ஐத்தான்.

அழுத்தம் கொடுத்தால் நடப்பது இன்னும் வேடிக்கை. சுமார் 34 பாரில், திடமாக உறையும் விளிம்பில், மோல் கன அளவு 36.8 கன சென்டிமீட்டரிலிருந்து 25.5 ஆகச் சுருங்குகிறது. வாயுக் கணக்கில் ஃபெர்மி வெப்பநிலை 6.3 கெல்வினாக ஏறும். ஆனால் பயனுறு நிறை 5.8 மடங்குக்கு மேல் போய்விடுவதால் உண்மையில் அது 1.1 கெல்வினுக்கு இறங்குகிறது. இறுக்க இறுக்க ஏறும் என்று எதிர்பார்த்தது இறங்கிவிடுகிறது.

தேர்வில் அடர்த்தியை மட்டும் கொடுத்துக் கேட்டால் 6.8 × 10⁻²³ ஜூல், 4.9 கெல்வின் என்று எழுதிவிட்டு, பக்கத்தில் 'இடைவினை இல்லாத ஃபெர்மி வாயு' என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். சோதனைத் தரவோடு ஒப்பிட என்றால் 1.76-ஐ எடுங்கள், அதுவும் சில பத்து மில்லிகெல்வினுக்குக் கீழே மட்டும். அதற்கு மேல் வெப்ப ஏற்புத்திறன் நேர்கோட்டை விட்டு விலகிவிடும். கீழே, அழுத்தம் இல்லாதபோது 0.93 மில்லிகெல்வினில், திரவம் உராய்வின்றி ஓடும் மீப்பாய்மமாகிவிடும், 1972இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் (உயர் அழுத்தத்தில்) கண்டுபிடித்தது இந்த மீப்பாய்ம நிலையைத்தான். அங்கேயும் ஃபெர்மி ஆற்றல் மாறுவதில்லை. மீப்பாய்மத்தில் அணுக்கள் இரண்டிரண்டாக இணை சேர்வதால் பாதிக்கப்படுவது ஃபெர்மி பரப்பை (நிரம்பிய நிலைகளின் விளிம்பை) ஒட்டிய மெல்லிய தோல் மட்டும். ஆற்றலில் அதன் தடிமன் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான்.