தம்பி, லேப்டாப்பை இப்போது வாங்காதீர்கள்

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். வியாசர்பாடியிலிருந்து செப்டம்பரில் டொராண்டோவுக்கு ஃபிலிம் மேக்கிங் படிக்க வருகிறீர்கள், கையில் ஒன்றரை லட்சம் இருக்கிறது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் மாமாவுக்குத் தெரிந்த கடையில் கேமிங் லேப்டாப் எடுத்துக்கொண்டு விமானம் ஏறுவதா, இங்கே வந்து மேக்புக் வாங்குவதா, எடிட்டிங்குக்கு பிரீமியர் மென்பொருளா டாவின்சி மென்பொருளா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ராயபுரம். இங்கே குடியேறி எடிட்டிங் அறையில்தான் வேலை பார்க்கிறேன். அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். சேர்க்கை உறுதியானதும் பல ஃபிலிம் ஸ்கூல்கள் ஒரு பட்டியல் அனுப்பும். எந்தக் கணினி, எவ்வளவு ரேம், எந்த மென்பொருளுக்கு ஸ்கூலே லைசென்ஸ் தரும் என்றெல்லாம் அதில் இருக்கும். மேக்தான் வேண்டும் என்று சொல்கிற இடங்களும் உண்டு. பட்டியல் வராவிட்டால் நீங்களே அட்மிஷன் ஆபீசுக்கு மெயில் போட்டுக் கேளுங்கள், கூச்சமே வேண்டாம். அப்பா கடன் வாங்கிக் கொடுத்த பணம் என்று எழுதியிருக்கிறீர்கள். அவசரப்பட்டு அதை ஒரு கடையில் கொட்ட வேண்டாம்.

மென்பொருளை மட்டும் இன்றைக்கே தொடங்கலாம். டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பை இறக்கிக்கொள்ளுங்கள். வெட்டுவது, கலர், சவுண்ட் மூன்றுமே அதற்குள் இருக்கின்றன. 4கே அளவு வரை வெளியே எடுக்கலாம், வாட்டர்மார்க் தொல்லை கிடையாது. இருட்டில் எடுத்த படத்தில் தெரியும் புள்ளிகளைக் குறைக்கிற நாய்ஸ் ரிடக்ஷன் போன்ற சில வசதிகளுக்குத்தான் காசு கொடுத்து வாங்கும் ஸ்டூடியோ பதிப்பு வேண்டும். அதுவும் மாதச் சந்தா இல்லை, ஒரே தடவை 295 அமெரிக்க டாலர். முதல் வருஷத்துக்கு அது உங்களுக்குத் தேவைப்படாது. பிரீமியர் சந்தா முறை, அதைப் பல கல்லூரிகள் மாணவர்களுக்குத் தாங்களே கொடுத்துவிடுகின்றன. ஆவிட் மீடியா கம்போசர் என்கிற எடிட்டிங் மென்பொருளை வகுப்பில் சொல்லிக்கொடுத்தால் முழு மனசோடு கற்றுக்கொள்ளுங்கள். இங்கே சினிமா, டிவி தொடர் வேலைகளில் அசிஸ்டென்ட் எடிட்டருக்கு அது சோறு போடும். க்ராக் செய்த மென்பொருளை மட்டும் தொடவே தொடாதீர்கள். அதோடு வைரஸ் வந்தால் உங்கள் படம் மட்டுமல்ல, உங்களோடு வேலை செய்கிறவர்களின் படமும் போய்விடும்.

இன்னொரு விஷயம், தமிழ் டைட்டில். பிரீமியரில் கொ, கோ எல்லாம் உடைந்து கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று நிற்கும். பிரிஃபரன்ஸில் கிராஃபிக்ஸ் பகுதிக்குப் போய் டெக்ஸ்ட் என்ஜினை சவுத் ஏசியன் என்று மாற்றினால் சரியாகிவிடும்.

வீட்டில் பழைய கம்ப்யூட்டர் இருந்தால் பழகுவதற்கு அதுவே போதும். ரிசால்வுக்கு 16 ஜிபி ரேமாவது வேண்டும், 8 ஜிபியில் திணறும். அப்படியானால் ஷாட்கட் அல்லது கேடென்லைவ் போட்டுக்கொள்ளுங்கள், இரண்டும் இலவசம். எங்கே வெட்டுவது என்கிற கண்ணும் காதும் எந்த மென்பொருளிலும் வளரும்.

அதற்கு மெட்டீரியல் வேண்டுமே. ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன் போனிலேயே நிறைய ஷூட் பண்ணுங்கள். விடியற்காலையில் காசிமேட்டு மீன் ஏலம், வியாசர்பாடி மைதானத்தில் பசங்கள் ஃபுட்பால் ஆடுவது, வீட்டுத் திண்ணையில் பாட்டி பேசுவது. ஏலத்தில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் கத்துவார்கள். அதில் யார் குரலை வைத்து, யார் குரலை அடக்குவது என்று உட்கார்ந்து வெட்டிப் பாருங்கள். சவுண்ட் எடிட்டிங்குக்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. அங்கே உள்ளவரை நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் நொடியில் 50-இல் ஒரு பங்கு. நம்ம ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப்லைட் வெளிச்சத்தில் பட்டை ஓடாது. இங்கே 60 ஹெர்ட்ஸ். அதனால் 24 அல்லது 30 பிரேம் வைத்து, உள்ளே ஷூட் பண்ணும்போது ஷட்டரை 60-இல் ஒரு பங்குக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். ரிசால்வில் ஃபுட்டேஜைக் கொண்டுவருவதற்கு முன்பே புராஜெக்டின் பிரேம் ரேட்டை வைத்துவிடுங்கள். அப்புறம் மாற்ற விடாது.

இனி லேப்டாப். ஸ்கூல் மேக் கேட்டால் இங்கே வந்து வாங்குங்கள். மாணவர் விலை உண்டு, ஆப்பிளே சரிபார்த்து விற்கும் ரிஃபர்பிஷ்டும் கிடைக்கும், வாரண்டிக்கு அலைச்சல் இல்லை. மேக்கில் ரேமைப் பிறகு கூட்டவே முடியாது என்பதால் ஸ்டோரேஜைக் குறைத்தாவது ரேமை 24 அல்லது 32 ஜிபி எடுங்கள். கடையில் போட்டிருக்கும் விலைக்கு மேல் ஒன்டாரியோவில் 13 சதவீதம் வரி சேரும், அதையும் கணக்கில் வையுங்கள்.

விண்டோஸ் போதும் என்றால் மாமா சொல்லும் கேமிங் லேப்டாப் மோசமில்லை, கிராஃபிக்ஸ் கார்டு நன்றாகவே உழைக்கும். ஆனால் திரையைப் பார்க்காமல் வாங்காதீர்கள். விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் நிறம் வெளிறித் தெரியும், அதை நம்பி கலர் பண்ண முடியாது. திரை எவ்வளவு நிறம் காட்டும் என்பதற்கான அளவுகோல் எஸ்ஆர்ஜிபி, அது 100 சதவீதம் என்று ஸ்பெக்கில் இருக்கிறதா என்று கேளுங்கள். கனடாவிலும் செல்லுபடியாகும் வாரண்டியா என்று எழுத்தில் வாங்குங்கள். எடையையும் கையில் தூக்கிப் பாருங்கள். அந்த லேப்டாப்பையும் செங்கல் மாதிரி அடாப்டரையும் பனியில் தினமும் பஸ்ஸுக்கும் ஸ்ட்ரீட்காருக்கும் நீங்கள்தான் சுமக்கப்போகிறீர்கள். அடாப்டரில் 100-240 வோல்ட் என்று போட்டிருந்தால் இங்கத்திய 120 வோல்ட்டில் ஓடும், பிளக் மட்டும் மாற்ற வேண்டும்.

கொஞ்சம் பணத்தை ஒதுக்கி 1 டிபி எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டி ஒன்றும், பேக்கப்புக்குச் சாதாரண ஹார்டு டிஸ்க் ஒன்றும் வாங்குங்கள். இரண்டையும் எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் செய்தால் மேக், விண்டோஸ் இரண்டிலும் ஓடும். ஒரே பையில் இரண்டையும் வைக்காதீர்கள். ஜனவரிக் குளிரிலிருந்து உள்ளே வந்ததும் லேப்டாப்பையோ கேமராவையோ உடனே திறக்கவும் வேண்டாம், உள்ளே ஈரம் கோத்துவிடும். பையிலேயே கொஞ்ச நேரம் இருக்கட்டும்.

ஸ்கூலிலிருந்து பட்டியல் வந்ததும் அதை எனக்கு அப்படியே அனுப்புங்கள். நீங்கள் பணம் கட்டுவதற்கு முன் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்கிறேன்.