மெதைல் பூட்டும் நுரையீரல் புற்றுநோயும்: திருகோணமலைக் கேள்விகளுக்குப் பதில்

உப்புவெளி, உயர்தர உயிரியல் மாணவன்: அக்கா, டி.என்.ஏயில் ஒரு எழுத்தும் மாறாமல் மரபணு எப்படி நின்றுபோகும்?

தம்பி, சைட்டோசினுக்கு அடுத்து குவானின் வரும் இடங்களைப் பாருங்கள். அந்தச் சைட்டோசினின் 5ஆம் காபனில் மெதைல் கூட்டம் ஒட்டும். மரபணு வாசிக்கத் தொடங்கும் முன்பகுதியில் இப்படி நெருக்கமாக ஒட்டினால், டி.என்.ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்கள் இறுகி அந்த வாசல் பூட்டிப்போகும். பி16 என்ற மரபணு கலப்பிரிவுக்குப் போடும் பிரேக். நுரையீரல் புற்றுநோயில் அது இப்படிப் பூட்டப்படுவது அடிக்கடி காணப்படுகிறது. ஆனால் இது மட்டுமே காரணம் என்று பரீட்சையில் எழுதிவிடாதீர்கள். கேராஸ், ஈ.ஜி.எஃப்.ஆர் போன்ற மரபணுக்களின் எழுத்துப் பிழைகளும் பெரும்பாலும் கூடவே இருக்கும்.

கிண்ணியா, ஒரு மகள்: வாப்பா 30 வருஷம் சிகரெட் குடித்தவர். இப்ப விட்டால் டி.என்.ஏயில் புகை விட்ட மெதைல் அடையாளம் அழியுமா டொக்டர்?

ஒரு பகுதி அழியும். புகைப்பவரின் இரத்தத்தில் ஏ.எச்.ஆர்.ஆர் மரபணுவில் மெதைல் குறைந்திருக்கும். விட்ட பிறகு வருஷக்கணக்கில் மெல்ல ஏறும், நிறையப் புகைத்தவரில் முழுதாக மீளாமலும் போகலாம். சுவாசக் குழாய்க் கலங்களில் விழுந்த பூட்டுகள் சில விட்ட பின்னும் நிற்கும். அதனால் பயனில்லை என்று நினைக்காதீங்க மகள். விட்டு 10 முதல் 15 வருஷத்தில் ஆபத்து, தொடர்ந்து புகைப்பவருக்கு இருப்பதில் ஏறக்குறையப் பாதியாகும். இருமல் 3 வாரத்துக்கு மேல் நின்றாலோ சளியில் இரத்தம் வந்தாலோ உடனே காட்டுங்கள். எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் சந்தேகம் இருந்தால் சி.டி. கேளுங்கள்.

நகரம், ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்: பைசல்பைட் செய்து மெதைல் பீ.சி.ஆர் ஓட்டினேன். மெதைல் இல்லாத கட்டுப்பாட்டு மாதிரியிலும் மெதைல் பட்டை தெரிகிறது. எங்கே பிழை?

பைசல்பைட் மெதைல் ஒட்டாத சைட்டோசினை யுராசிலாக மாற்றும், மெதைல் ஒட்டியதை விட்டுவிடும்; அந்த வித்தியாசத்தைத்தான் பீ.சி.ஆர் பெருக்கிக் காட்டுகிறது. முதலில், பைசல்பைட் செய்யாத டி.என்.ஏயை அதே பிரைமரில் (பெருக்கலைத் தொடக்கும் சிறு டி.என்.ஏ துண்டு) ஓட்டுங்கள். பட்டை வந்தால் குற்றம் பிரைமரில்: குவானின் தொடராத சைட்டோசின்களும் சில அதில் இருக்க வேண்டும். வராவிட்டால், 35 சுற்றுக்கு மேல் ஓட்டியிருந்தால் குறைத்துப் பாருங்கள். அப்போதும் பட்டை நின்றால் பைசல்பைட் மாற்றம் முழுமையாகவில்லை என்றே சந்தேகியுங்கள். பைசல்பைட் ஒற்றை இழையில்தான் வேலை செய்யும். புரதம் மிஞ்சியிருந்தால் இழைகள் சரியாகப் பிரியாது, ஆகவே டி.என்.ஏயின் தூய்மையைக் காட்டும் 260/280 ஒளி உறிஞ்சல் விகிதம் 1.8 அளவில் இருக்கட்டும். டி.என்.ஏ 200 முதல் 500 நானோகிராம் போடுங்கள், அதிகம் போட்டால் பைசல்பைட் கரைசல் போதாது. குழாய் மூடியில் துளி ஒட்டிக்கொண்டால் அந்தத் துளிக்குள் இருப்பது மாறாமலே தங்கும். சுழற்றி இறக்கிவிட்டு, மூடி சூடாகும் இயந்திரத்தில் வையுங்கள். கரைசலை வெளிச்சம் படாமல் அன்றே கலக்குங்கள்.

மாறிய டி.என்.ஏ ஒற்றை இழை, அளக்கும்போது ஆர்.என்.ஏ அமைப்பில் வையுங்கள். ஜெல்லில் தெரியவில்லை என்று எறிந்துவிடாதீர்கள். ஜெல்லைச் சில நிமிடம் ஐஸில் வைத்தால் மங்கலாகத் தெரியும்.

மெழுகில் பதித்த திசு மாதிரியென்றால் பீ.சி.ஆர் துண்டு 150 எழுத்துக்குள் இருக்கட்டும். திசுவைப் பதப்படுத்த 10% நடுநிலை போர்மலினில் 6 முதல் 48 மணித்தியாலம் போதும். நடுநிலைப்படுத்தாத போர்மலின் நாளடைவில் அமிலமாகி டி.என்.ஏயை நொறுக்கும். அந்தச் சேதத்தைப் பிறகு எந்தக் கிட்டாலும் திருத்த முடியாது.

மூதூர், நோயாளியின் தம்பி: மெதைல் பூட்டைத் திறக்கிற அசாசிட்டிடின் மருந்தை நுரையீரல் புற்றுநோயுள்ள அண்ணாவுக்குக் கொடுக்கலாமா?

அது எலும்பு மச்சை சார்ந்த இரத்த நோய்களுக்கான மருந்து. நுரையீரல் கட்டியில் ஆராய்ச்சியளவில்தான் பார்க்கப்பட்டது, வழமையான சிகிச்சை அல்ல. திறக்க வேண்டிய மரபணுவை மட்டும் அதற்குத் தெரிவு செய்யவும் தெரியாது. அதற்குப் பதிலாக, கட்டியில் ஈ.ஜி.எஃப்.ஆர், ஏ.எல்.கே மரபணுக்களும் பி.டி.எல்1 புரதமும் (மருந்தைத் தெரிவு செய்ய உதவுபவை) பார்த்தாயிற்றா என்று புற்றுநோய் வைத்தியரிடம் கேளுங்கள் தம்பி.