300 மெகாஹெர்ட்ஸ் என்னும் ஏட்டுச் சுரைக்காய்

ரிங் ஆசிலேட்டர் பற்றி இந்த முறை நிறையக் கேள்விகள் சேர்ந்துவிட்டன. ஒரு டிரான்சிஸ்டர் கட்டத்தின் வெளியீடு அடுத்ததற்கு உள்ளீடாகி, கடைசியினுடையது முதலுக்கே திரும்பும்படி வளையமாக இணைத்தால் தானாகவே அலை எழுப்பும் சுற்று அது. ஒரே சந்தேகத்தைப் பலர் வெவ்வேறு விதமாகக் கேட்டிருந்ததால், சிலவற்றை ஒன்றாக்கிவிட்டேன்.

கேள்வி: 2என்3904 டிரான்சிஸ்டர்கள் மூன்றை வளையமாக இணைத்தேன். கலெக்டரில் (வெளியீட்டுக் கால்) 1 கிலோ ஓம், பேஸில் (உள்ளீட்டுக் கால்) 10 கிலோ ஓம், 5 வோல்ட் மின்சாரம். தரவுத்தாளில் 300 மெகாஹெர்ட்ஸ் என்று இருக்கிறது. எனக்கு அரை மெகாஹெர்ட்ஸ்கூடத் தேறவில்லை. கடைக்காரர் போலிச் சரக்கைத் தள்ளிவிட்டாரா?

பதில்: கடைக்காரரை விட்டுவிடுங்கள். அந்த 300, டிரான்சிஸ்டர் 20 வோல்ட்டில், 10 மில்லிஆம்பியரில், சிறு சைகையைப் பெருக்கும்போது கிடைக்கும் எண். உங்கள் வளையத்தில் அது பெருக்கியாக இல்லை. முழுதாகத் திறந்துகொண்ட, அதாவது தெவிட்டிய நிலைக்குப் போய்த் திரும்பும் சுவிட்சாக இருக்கிறது. அதே தாளில் சில வரிகள் கீழே பாருங்கள். தெவிட்டிய நிலையில் பேஸில் தேங்கிய மின்னூட்டம் வடிய 200 நானோ விநாடி வரை, பிறகு மின்னோட்டம் விழ 50. திரும்ப இயங்கத் தொடங்க 35, ஏற 35. ஆக ஒரு கட்டத்துக்கு 320. ஒரு முழுச் சுற்றுக்குள் மூன்று கட்டங்களும் ஒருமுறை இயங்கி, ஒருமுறை அணைய வேண்டும். 960 நானோ விநாடி. ஒரு மெகாஹெர்ட்ஸ் அங்கேயே முடிந்தது.

உங்களுடையது அதைவிடவும் மந்தமாக இருப்பதற்குக் காரணம் அந்த 10 கிலோ ஓம். அந்த 200 நானோ விநாடி, பேஸிலிருந்து 1 மில்லிஆம்பியரை வெளியே இழுத்து அளந்த கணக்கு. உங்கள் சுற்றில் வெளியேறும் வழி 10 கிலோ ஓம் மட்டுமே. அரை வோல்ட் அழுத்தத்தில் 50 மைக்ரோஆம்பியர்தான் வடியும். குடத்துத் தண்ணீரை ஊசித் துளை வழியே இறக்குவது போல.

பேஸ் ரெசிஸ்டருக்குக் குறுக்கே 22 அல்லது 33 பிகோஃபாரட் கெபாசிட்டர் வையுங்கள், மின்னூட்டம் வெளியேற வேகமான வழி கிடைக்கும். பேஸுக்கும் கலெக்டருக்கும் இடையே ஷாட்கி டையோடு (குறைந்த வோல்ட்டிலேயே, வேகமாகக் கடத்தும் டையோடு) ஒன்றைப் போடுங்கள். ஆனோடு பேஸ் பக்கம். டிரான்சிஸ்டர் ஆழமாகத் தெவிட்டாது. 74எஸ் வரிசை லாஜிக் சில்லுகள் வேகம் பெற்றது இந்த உத்தியால்தான். ஆனால் கையில் கிடைத்தது என்று 1என்5819ஐ மாட்டிவிடாதீர்கள். அது மின்வழங்கிகளுக்கான டையோடு. அதன் மின்தேக்குத் திறனே 100 பிகோஃபாரட்டைத் தாண்டும். மருந்தே நோயாகிவிடும்.

கேள்வி: இரண்டு அல்லது நான்கு கட்டங்கள் போதாதா?

பதில்: ஒற்றைக் கம்பியில் ஓடும் வளையத்தில் முடியாது, இரட்டைப்படை என்றால் ஒரு நிலையில் பூட்டிக்கொண்டு நின்றுவிடும். டிரான்சிஸ்டர்களைச் சோடி சோடியாக எமிட்டரில் இணைத்த அமைப்பில், ஓரிடத்தில் இரு கம்பிகளையும் மாற்றிக் கொடுத்தால் நான்கு கட்டம் நன்றாகவே ஓடும். ஒன்றுவிட்டு ஒன்று எடுத்தால் 90 பாகை விலகிய இரு அலைகள் இலவசம்.

கேள்வி: ஆசிலோஸ்கோப் புரோபை வைத்தவுடன் அதிர்வெண் இறங்குகிறது. எடுத்தால் என்ன ஆகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: புரோபை 10 மடங்கு நிலையில் வைத்தாலும் பத்துப் பதினைந்து பிகோஃபாரட் சுமை; 1 மடங்கு நிலையில் நூறை ஒட்டும். அதை எந்தக் கலெக்டரில் வைக்கிறீர்களோ அந்தக் கட்டம் தடுமாறும். நான்காவதாக ஒரு டிரான்சிஸ்டரை எமிட்டர் ஃபாலோவராக (வளையத்துக்கு அதிகச் சுமை தராமல் அலையை வெளியே தரும் அமைப்பு) போட்டு, அதன் எமிட்டரில் அளந்து பாருங்கள். தொடாமல் பார்க்க எனக்குப் பிடித்த வழி பழைய எஃப்எம் ரேடியோ: வளையம் 30 மெகாஹெர்ட்ஸில் ஓடினால் அதன் மூன்றாம் மடங்கு 90இல் விழும், நிலையமில்லாத அந்த இடத்தில் இரைச்சல் சட்டென்று அடங்கும். விரலை வளையத்தின் அருகே கொண்டுபோனால் அந்த இடம் நகர்வதையும் கேட்கலாம். பிரெட்போர்டில் கட்டியிருந்தால் விரலே வேண்டாம். அடுத்தடுத்த வரிசைகளுக்கு இடையிலேயே சில பிகோஃபாரட் ஒளிந்திருக்கிறது.

கேள்வி: பிஎஃப்ஆர்93ஏ, 6 கிகாஹெர்ட்ஸ் டிரான்சிஸ்டர். மூன்று சோடிகள், சோடிக்கு 4 மில்லிஆம்பியர், கலெக்டரில் 100 ஓம். ஒரு கிகாஹெர்ட்ஸ் வருமா?

பதில்: வராது. காகிதத்தில் போட்டுப் பார்ப்போம். சமநிலையில் ஒரு டிரான்சிஸ்டருக்கு 2 மில்லிஆம்பியர். 100 ஓமில் பெருக்கம் 8. பேஸ்–எமிட்டர் சந்தியில் உத்தேசமாக 2 பிகோஃபாரட், மின்னோட்டத்தால் சேரும் மின்னூட்டத்துக்கு இன்னொரு 2. கலெக்டர்–பேஸ் இடையே வெறும் 0.6தான், ஆனால் மில்லர் விளைவு (கலெக்டர் எதிர்த்திசையில் பெரிதாக ஆடுவதால் இந்த மின்தேக்குத் திறன் பேஸுக்குப் பல மடங்காகத் தெரிவது) அதை 9 மடங்காக்கி 5.4 ஆக்குகிறது. மொத்தம் 9.4. மூன்று கட்டங்களும் தலா 60 பாகை தர வேண்டும் என்ற கணக்கில் 290 மெகாஹெர்ட்ஸ் அளவில் நிற்கும்.

இப்போது ரெசிஸ்டரை 50 ஓம் ஆக்குங்கள். பெருக்கம் 4; மில்லர் பங்கு 3; மொத்தம் 7. அதிர்வெண் 790ஐ நெருங்குகிறது. ரெசிஸ்டர் பாதியானதற்கு அதிர்வெண் இரண்டரை மடங்குக்கு மேல்! அலையின் வீச்சு 200 மில்லிவோல்ட்டாகச் சுருங்கும். பரவாயில்லை, சோடியைப் புரட்டச் சுமார் 100 போதும். பேஸின் உள்மின்தடையும் உங்கள் செப்புத் தடங்களும் இதில் ஒரு பங்கைக் கடித்துக்கொள்ளும், அதற்கும் தயாராக இருங்கள். பெருக்கம் 2க்குக் கீழே போனால் அலையே எழாது. அதனால் ஓமைக் குறைத்துக்கொண்டே போகவும் முடியாது.

கேள்வி: இதைக் கொண்டு டிரான்ஸ்மிட்டர் செய்யலாமா?

பதில்: வேண்டாம். அதிர்வெண்ணைப் பிடித்து நிறுத்தச் சுருளோ படிகமோ இதில் இல்லை. மின்னழுத்தமும் வெப்பமும் இழுத்த பக்கமெல்லாம் போகும். உண்மையான உபயோகம் வேறு: ஒரு டிரான்சிஸ்டர் எவ்வளவு வேகமானது என்று அளக்க. ஜெர்மனியின் ஐஎச்பி ஆய்வகம் 2016இல் தன் சிலிக்கான்-ஜெர்மானியம் டிரான்சிஸ்டரின் தாமதம் ஒரு கட்டத்துக்கு 1.34 பிகோ விநாடி என்று அறிவித்தது. அளந்தது ரிங் ஆசிலேட்டரால்தான்.