ஏழை நாடாக இருந்தும் வங்கதேசத்தில் பிறப்பு விகிதமும் குழந்தை இறப்பும் எப்படி இவ்வளவு குறைந்தன?

இந்தக் கேள்விக்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில், ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளும் சிறுகடனும். பெண்கள் வேலைக்குப் போனார்கள், கையில் காசு வந்தது, பிள்ளை பெறுவது குறைந்தது என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது, ஆனால் காலக்கணக்கு இடிக்கிறது. 1975 வாக்கில் அங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஆறு குழந்தைகளுக்கு மேல். 1990களின் தொடக்கத்தில் அது 3.4 ஆகிவிட்டது. ஆடைத் தொழிலும் சிறுகடனும் நாடு முழுக்கப் பெரிதாக வளர்ந்தது ஏறக்குறைய அதற்கப்புறம்தான். அப்படியென்றால் பாதி வேலையை முன்பே வேறு யாரோ முடித்திருக்கிறார்கள். கிராமத்தில் வீடு வீடாக ஏறி இறங்கிய பெண்கள்தான் அந்த வேலையைச் செய்தவர்கள் என்பது என் பதில்.

எந்த நிலைமையில் தொடங்கினார்கள் என்று பாருங்கள். 1970இல் லட்சக்கணக்கானோரைக் கொன்ற புயல், 1971இல் போர், 1974இல் பஞ்சம். இந்த நாடு தேறாது என்று வெளியிலிருந்த பலர் எழுதியே வைத்துவிட்டார்கள். 1976இல் அரசு மக்கள்தொகைதான் நாட்டின் முதல் பிரச்சினை என்று அறிவித்தது.

சரி, எது வேலை செய்தது? டாக்காவுக்குத் தென்கிழக்கே இருக்கும் மத்லப் என்ற ஆற்றோரப் பகுதியில் இதற்கு விடை கிடைத்தது. காலரா ஆராய்ச்சிக்காக 1960களிலிருந்தே அங்கே பிறப்பு, இறப்பு எல்லாவற்றையும் ஊர் ஊராகப் பதிவு செய்துவந்தார்கள். 1975இல் கருத்தடை மாத்திரையும் ஆணுறையும் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்துப் பார்த்தார்கள். முதலில் ஆர்வமாக வாங்கினார்கள், சில மாதத்தில் பலர் விட்டுவிட்டார்கள். மாத்திரை தின்றால் தலை சுற்றுகிறது, மாதவிலக்கு தப்புகிறது. கேட்க ஆள் இல்லை, பயந்துபோய் நிறுத்திவிட்டார்கள். 1977இல் முறையை மாற்றினார்கள். அந்தந்த ஊரிலேயே கல்யாணமாகி, ஓரளவு படித்த, தானும் கருத்தடை பயன்படுத்துகிற இளம்பெண்களை வேலைக்கு எடுத்தார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே வீட்டுக்கு அதே பெண் வருவார். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லையா, ஊசி இருக்கிறது. அதுவும் பிடிக்கவில்லையா, வேறொன்று. ஒன்றரை வருடத்தில் கருத்தடை பயன்படுத்துவோர் பல மடங்கு கூடினார்கள். பக்கத்திலேயே வழக்கமான அரசு சேவை மட்டும் இருந்த கிராமங்களில் அந்த மாற்றம் வரவில்லை. ஏழ்மை, மதம், பர்தா எல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றுதான் என்பதால் இந்த ஒப்பீட்டை நான் மிகவும் முக்கியமாக நினைக்கிறேன்.

அரசும் அதே வழியில் 20,000க்கும் மேற்பட்ட பெண் பணியாளர்களை கிராமங்களுக்கு அனுப்பியது. வெளியே வர முடியாத பெண்களுக்கு அவர்கள்தான் மருத்துவ உலகத்தோடு இருந்த ஒரே தொடர்பு. இதில் மறைக்கக்கூடாத ஒன்றும் உண்டு: 1980களில் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்களுக்குப் பணமும் சேலையும் லுங்கியும் கொடுத்தார்கள். பசியில் இருப்பவரிடம் அப்படிக் கேட்பது சம்மதம் ஆகாது.

பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை இல்லாமல் யாரும் இரண்டோடு நிறுத்த மாட்டார்கள். அங்கே குழந்தைகளை அதிகம் கொண்டுபோனவற்றில் வயிற்றுப்போக்கு முக்கியமானது. உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்க வைத்தே காலரா நோயாளியைப் பிழைக்க வைக்கலாம் என்பதை 1968இல் டாக்காவில் சோதித்துக் காட்டினார்கள். 1971 போரில் எல்லை தாண்டி வந்த அகதிகளின் முகாமில் டாக்டர் திலீப் மஹலானபிஸ் அதையே பெரிய அளவில் செய்து பல உயிர்களைக் காப்பாற்றினார். ஆனால் மருந்துப் பொட்டலம் எல்லா ஊருக்கும் போய்ச் சேராதே. ஃபஸ்லே ஹசன் ஆபெத் தொடங்கிய பிராக் என்ற தொண்டு அமைப்பு 1980இலிருந்து பத்து வருடம் வீடு வீடாகப் போய், மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் (ஏறக்குறைய அரை லிட்டர்) தண்ணீர் என்று தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுத்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகள். வெறுமனே சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தால் மட்டும் பணியாளருக்குக் கூலி கிடைக்காது. பிறகு வேறொருவர் போய்ச் சில தாய்மாரிடம் கேட்டுப் பார்ப்பார். அவர்களுக்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் பணியாளருக்குச் சம்பளம். ஆண்கள் தடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் சந்தையிலும் மசூதியிலும் அவர்களிடமும் பேசினார்கள்.

நான் திருப்பூர்க்காரன், டாக்காவுக்குப் பக்கத்தில் காஜிப்பூரில் ஒரு பின்னலாடைத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டில் வேலை பார்த்தவன். தொழிற்சாலை வாசல் பெட்டிக்கடைகளில் ஷாம்பு பாக்கெட்டுகளோடு ஓர்சலைன் (தண்ணீரில் கலக்கும் உப்பு-சர்க்கரைப் பொடி) பாக்கெட்டுகளும் சரமாகத் தொங்கும். வெயில் காலத்தில் தையல் வரிசையில் யாருக்காவது தலை சுற்றினால் டாக்டரைத் தேட மாட்டார்கள், முதலில் அதைத்தான் கலக்குவார்கள். பாட்டிலில் அரை லிட்டர் கோட்டைப் பார்த்துப் பார்த்துத் தண்ணீர் ஊற்றுவார்கள். மைமன்சிங் பக்கத்திலிருந்து வந்த ஒரு அக்கா, பாக்கெட் இல்லாத காலத்தில் தன் அம்மா உப்பு எடுத்த விதத்தை மூன்று விரலைக் குவித்துக் காட்டினார். பள்ளிக்கூடம் பார்க்காத அம்மா அவர்.

தடுப்பூசி, 1994இல் நாடு முழுக்க வந்த மாணவியர் உதவித்தொகை (18 வயதுவரை கல்யாணம் செய்யக்கூடாது என்ற நிபந்தனையோடு) எல்லாம் அப்புறம் சேர்ந்துகொண்டன. 1970களில் ஐந்து வயதுக்குள் ஆயிரத்தில் 200க்கும் மேல் குழந்தைகள் இறந்த நாட்டில் 2022 கணக்கெடுப்பில் அது 31.

இவ்வளவும் சொல்லிவிட்டு வங்கதேசத்தை முன்மாதிரி என்று முடிக்க எனக்கு மனம் வரவில்லை. சுத்தமான தண்ணீர் என்று நம்பி ஊரெங்கும் போட்ட அடிபம்புகளில் ஆர்சனிக் என்ற நச்சு இருப்பது 1993இல் தெரியவந்தது. அதற்குள் கோடிக்கணக்கானோர் அந்தத் தண்ணீரைக் குடித்திருந்தார்கள். மருத்துவச் செலவில் பெரும்பகுதி இன்றும் மக்கள் கையிலிருந்துதான் போகிறது. 2022 கணக்கெடுப்பில் பிரசவங்களில் ஏறக்குறைய 45 சதவீதம் சிசேரியன், அதில் பெரும்பாலானவை தனியார் மருத்துவமனைகளில். எனக்கு மிகவும் வருத்தம் தருவது பெண்களின் கல்யாண வயது. இன்னும் பாதிப் பெண்களுக்கு 18 வயதுக்குள் கல்யாணம் முடிந்துவிடுகிறது. வாசலுக்கு வந்த பணியாளரால் அந்த வீட்டு மருமகளுக்கு மாத்திரை கொடுக்க முடிந்தது. மகளின் கல்யாணத்தைத் தள்ளிப்போடச் சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லை. 2011இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.3 குழந்தைகள் என்ற அளவைத் தொட்ட பிறப்பு விகிதம் அதற்கப்புறம் பத்து வருடத்துக்கு மேல் அங்கேயே நின்றதற்கு இதுவும் ஒரு காரணம்.