ஒரு கிரைண்டருக்கு என்ன அடக்கம்? பட்டறைக் கணக்கு: கேள்வி பதில்

கோவையில் கிரைண்டர் செய்யும் சிறு யூனிட்டுகளுக்குப் பல வருடமாக அடக்க விலைக் கணக்கு பார்த்து வருகிறேன். கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். பலருக்கும் பயன்படும் என்று தோன்றியவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். தொகைகள் எல்லாம் கேட்டவர்கள் தந்தவை. உங்கள் யூனிட்டுக்கு உங்கள் தொகையைப் போட்டுப் பாருங்கள்.

கணபதியிலிருந்து ஒருவர்: சார், 2 லிட்டர் டேபிள் டாப் செய்றோம். மாசம் 1,600 பீஸ் செய்யலாம், இப்ப 1,000தான் ஓடுது. அடக்கம் 2,640 ரூபா. டீலருக்கு 2,900. ஒரு பெரிய பிராண்டு அவங்க பேர்ல 2,000 பீஸ் கேக்கறாங்க, நாலு மாசத்துல குடுக்கணும். 2,450க்கு மேல ஏறமாட்டேங்கறாங்க, பணம் 60 நாள் கழிச்சு. அடக்கத்துக்கும் கீழே குடுக்கறதான்னு அப்பா வேண்டாங்கறார்.

அப்பாவின் பயம் நியாயமானது. ஆனால் 2,640 என்பது ஒரே தொகை அல்ல, இரண்டு வேறு சங்கதிகளைக் கூட்டி வந்த தொகை. உங்கள் ஷீட்டைப் பிரித்தேன்: மோட்டார் 720, டிரம் 430, கல் செட் 290, பிளாஸ்டிக் பாடி 340, பெல்ட், ஒயர், சுவிட்ச் வகையறா 150, அட்டைப்பெட்டியும் தெர்மகோலும் 110, பீஸ் ரேட் கூலி 140. மொத்தம் 2,180. ஒரு பீஸ் கூடச் செய்தால் கூடுதலாகக் கையை விட்டுப் போவது இவ்வளவுதான். மீதி 460 ரூபாய், வாடகை, சூப்பர்வைசர் சம்பளம், ஆபீஸ் செலவு, மிஷின் தேய்மானம் எல்லாம் சேர்ந்த 4.6 லட்சத்தை 1,000ஆல் வகுத்து வந்தது. இந்த ஆர்டரை எடுத்தாலும் விட்டாலும் அந்த 4.6 லட்சம் மாதாமாதம் போகத்தான் போகிறது.

ஆக, 2,450இல் 2,180 போக ஒரு பீஸுக்கு 270 நிற்கிறது. இதோடு நிறுத்திவிடாதீர்கள். 2,000 பீஸுக்கு உங்கள் கைப்பணம் 43.6 லட்சம் 60 நாள் வெளியே நிற்கும். ஓடி (வங்கி ஓவர்டிராஃப்ட்) வட்டி வருடத்துக்கு 12 சதவீதம் என்றால் 87,200 ரூபாய், பீஸுக்கு ஏறக்குறைய 44. வாரண்டி யார் தலையில் என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். உங்கள் தலையில்தான் என்றால் நீங்கள் சொன்ன சர்வீஸ் செலவு 40ஐயும் கழியுங்கள். 186 மிஞ்சும். மொத்தத்தில் 3.72 லட்சம். மாதம் 500 பீஸ் உங்கள் காலி இடத்துக்குள்ளேயே (1,600இல் 1,000 போக 600) அடங்குகிறது. எடுக்கலாம்.

எடுக்கக் கூடாத நிலையும் ஒன்று உண்டு. அந்த நாலு மாதத்துக்குள் தீபாவளி வந்து, உங்கள் சொந்த சரக்கே 1,600 ஓடும் என்றால், பிராண்டுக்குச் செய்யும் ஒவ்வொரு பீஸும் டீலர் விற்பனையில் வரவேண்டிய 720ஐ (2,900இல் 2,180 போக) தின்றுவிடும். அப்போது 186க்காக 720ஐ விடுகிறீர்கள். டெலிவரி தேதிகளை சீசனுக்கு முன்னால் முடியும்படி எழுதி வாங்குங்கள். பாடி நிறமும் முகப்பும் வேறாக இருக்கட்டும். அதே பீஸ் வேறு பேரில் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது என்று தெரிந்தால் உங்கள் டீலர் அடுத்த நாளே 2,900ஐக் குறைக்கச் சொல்வார்.

இன்னொன்று. இந்த ஆர்டரை நம்பி இடம், மிஷின் என்று விரிக்காதீர்கள். 2011 செப்டம்பரில் தமிழக அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறியை விலையில்லாமல் கொடுக்கத் தொடங்கியபோது கோவையில் பல பட்டறைகள் பெரிதாகின. திட்டம் நின்றது, கடன் தவணை நிற்கவில்லை. காலி இடத்துக்கு ஆர்டர் பிடிப்பது ஒரு முடிவு, ஆர்டருக்காக இடம் பிடிப்பது முற்றிலும் வேறு முடிவு. இரண்டாவதில் வாடகையும் தவணையும்கூட அந்த ஆர்டரின் செலவுதான்.

ஆவாரம்பாளையம், இரண்டாம் தலைமுறை: அண்ணா, மாசச் செலவு 6 லட்சம், எவ்வளவு ஓட்டினாலும் அதேதான். 1,000 பீஸ் ஓட்டினா பீஸுக்கு 600 விழுது, 1,500 ஓட்டினா 400தான். போன மாசம் 1,500 ஓட்டினோம், 1,000 வித்துச்சு. கணக்குல லாபம் 2 லட்சம் கூடியிருக்கு. ஆனா பேங்க்ல பணமே இல்லை. எங்க போச்சு?

குடோனில் இருக்கிறது, தம்பி. விற்காத 500 பீஸ் ஒவ்வொன்றின் மேலும் 400 ரூபாய் மாதச் செலவு ஏறி உட்கார்ந்திருக்கிறது. அந்த 2 லட்சம் இந்த மாதச் செலவாகப் போகாமல் ஸ்டாக் மதிப்பாக மாறிவிட்டது. அதனால்தான் லாபம் கூடியதாகத் தெரிகிறது. விற்பனை ஒரு பீஸ்கூட ஏறவில்லை. மாறாக அந்த 500க்கும் மோட்டார், கல், டிரம், கூலி என்று பீஸுக்கு 2,200 வீதம் 11 லட்சம் கொடுத்திருக்கிறீர்கள்.

ஆடிட்டர் தப்பாகப் போடவில்லை. சரக்கு மதிப்பீட்டுக்கான கணக்கியல் தரம் 2 தயாரிப்புச் செலவின் நிலையான பகுதியையும் ஸ்டாக்கில் ஏற்றத்தான் சொல்கிறது. வரிக்கும் வங்கிக்கும் அந்தக் கணக்கு வேண்டும். ஆனால் எத்தனை ஓட்டலாம் என்று முடிவெடுக்க அதைக் கையில் எடுக்காதீர்கள். தனியாக ஒரு தாள் போடுங்கள்: விற்ற பீஸ், அதன் நேரடிச் செலவு, மிஞ்சியது, அதிலிருந்து முழு 6 லட்சத்தையும் கழியுங்கள். அந்த மாதத்தில் அதிகம் செய்தாலும் குறைவாகச் செய்தாலும் இந்தத் தாள் ஏமாற்றாது.

ஆடித் தள்ளுபடிக்கும் கல்யாண சீசனுக்கும் முன்கூட்டிச் செய்து வைக்கத்தான் வேண்டும். அது சீசனில் உங்களால் அவ்வளவு செய்ய முடியாது என்பதற்காக இருக்கட்டும். பீஸ் அடக்கம் குறையும் என்பதற்காக வேண்டாம்.

குறிச்சி: மோட்டாரை நாங்களே வைண்டிங் பண்றோம், 720 ஆகுது. வெளிய 670க்குத் தர்றாங்க. நிறுத்திடலாமா?

720இல் எது நிற்கும் என்று பாருங்கள். காப்பர் ஒயர், ஸ்டாம்பிங், பேரிங், வார்னிஷ், வைண்டிங் கூலி எல்லாம் நிற்கும். வைண்டிங் நடக்கும் மூலை இடத்தின் வாடகைப் பங்கும் சூப்பர்வைசர் சம்பளப் பங்கும் நிற்காது. உங்கள் ஷீட்டில் அந்தப் பங்கு 85. ஆக வெளியே வாங்கினால் மிச்சமாவது 635, கொடுப்பது 670. மோட்டாருக்கு 35 ரூபாய் கூடுதலாகத்தான் போகும். அந்த மூலையில் வேறு வருமானம் தரும் வேலையை வைக்க முடிந்தால் மட்டும் கணக்கு திரும்பும்.

பணத்தை விட ஒன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது. காப்பர் விலை உலகச் சந்தையோடு ஏறி இறங்கும். 670 எத்தனை மாதத்துக்கு என்று கேளுங்கள். வைண்டிங் தெரிந்தவர்களை ஒருமுறை அனுப்பிவிட்டால், விலை ஏறும் நாளில் அவர்கள் திரும்பி வரமாட்டார்கள்.

சின்னவேடம்பட்டி: புது மாடலுக்கு மோல்டு (அச்சு) 14 லட்சம். 9 லட்சம் குடுத்தாச்சு. இப்ப மார்க்கெட் டல். விட்டா 9 லட்சம் வீணா?

9 லட்சம் போய்விட்டது, தொடர்ந்தாலும் வராது. இனி கேள்வி, மீதி 5 லட்சம் போட்டால் அந்த மாடல் அதைவிட அதிகம் கொண்டுவருமா என்பதுதான். பீஸுக்கு 300 நிற்கும் என்கிறீர்கள். சுமார் 1,700 பீஸ் விற்றால் 5 லட்சம் வந்துவிடும். பழைய மாடலை வாங்குகிறவரே இதற்கு மாறினால் அது புது விற்பனை ஆகாது, அதைக் கழித்துவிட்டு எண்ணுங்கள்.

பீளமேடு: ஐயா, ஜிஎஸ்டி 5 சதவீதமா இருந்தப்ப வியாபாரம் நல்லா இருந்துச்சு. 18 ஆனதும் விழுந்துடுச்சு. ஆனா 5ல இருந்தப்பவும் அப்பா பணம் மாட்டிக்கிச்சுன்னு புலம்புவார். எது சரி?

இரண்டும் சரி. கல் வைத்த கிரைண்டருக்கு 2017 ஜூலையில் 28 சதவீதம், அந்த நவம்பரில் 12, 2019 அக்டோபரில் 5, 2022 ஜூலை 18 முதல் 18. ஐந்து வருடச் சொச்சத்தில் நாலு விகிதம். ஒரு சிறு யூனிட் எந்த விலைப்பட்டியலை நம்பி அச்சடிக்கும்?

5 இருந்தபோது மோட்டார், ஸ்டீல், பிளாஸ்டிக்குக்கு 18 கட்டி வாங்கி, விற்கும்போது 5தான் வசூலித்தீர்கள். வித்தியாசம் கிரெடிட்டாக (வாங்கும்போது கட்டி, விற்பனை வரியில் கழித்துக்கொள்ளும் வரி) தேங்கியது. ரீஃபண்டு கேட்கலாம், ஆனால் வாங்கிய சரக்குக்கு மட்டும்தான். ஜாப் ஒர்க் (வெளியே கொடுத்துச் செய்யும் வேலை), லாரி வாடகை போன்ற சேவைகளுக்கும் மிஷினுக்கும் கட்டிய வரி அந்தக் கணக்கில் வராது. அப்பா புலம்பியது அதற்குத்தான். அந்தத் தேக்கம் உங்கள் அடக்கத்தின் ஒரு பகுதி, ஷீட்டில் எழுதாவிட்டாலும்.

18 ஆனதும் தேக்கம் தீர்ந்தது. சுமை வாங்குகிறவர் மேல் போனது. அடிப்படை விலை 3,000 என்றால் முன்பு 3,150, இப்போது 3,540. வீட்டுக்கு வாங்குகிறவருக்கு இந்த 390 முழுவதும் கைச்செலவு. சாய்த்து மாவெடுக்கும் பெரிய டில்டிங் கிரைண்டர் வாங்கும் ஓட்டல்காரராவது கிரெடிட் எடுப்பார் என்று நினைக்காதீர்கள். 5 சதவீதம் கட்டும் ஓட்டலுக்கு உள்ளீட்டு வரி கிரெடிட் கிடையாது. ஆகவே ஓட்டலுக்கு விலை சொல்லும்போது வரியோடு சேர்த்த தொகையையே சொல்லுங்கள், அவர் ஒப்பிடுவது அதைத்தான்.

மீண்டும் கணபதி, வேறு ஒருவர்: பிராண்டுக்காரங்க பணம் தர 120 நாள் ஆக்கறாங்க. கேட்டா அடுத்த ஆர்டர் போயிடும்.

உத்யம் பதிவில் (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) நீங்கள் குறு அல்லது சிறு உற்பத்தியாளராக இருந்தால், எழுத்தில் என்ன ஒப்புக்கொண்டாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது என்கிறது 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. அந்த வழியில் போக உங்களுக்குத் தயக்கம் இருப்பது புரிகிறது. வருமான வரியிலும் ஒரு விதி இருக்கிறது, 2024 ஏப்ரலில் 43பி(எச்) என்ற பிரிவாக வந்தது: கெடு தாண்டி, வருடக் கடைசியிலும் பாக்கி வைத்தால், சரக்கு வாங்கியவர் அந்தத் தொகையை அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது. ஒவ்வொரு பில்லிலும் உத்யம் எண்ணை அச்சடியுங்கள். மார்ச் மாதத்தில் அவர்கள் ஆடிட்டரே உங்களுக்காகப் பேசுவார்.

ஒண்டிப்புதூர், வீட்டோடு சேர்ந்த யூனிட், ஒரு அம்மா: போட்டி தாங்கலைங்க. அலுமினியம் வைண்டிங், 202 ஸ்டீல் டிரம் போட்டா 150 ரூபா குறையுதுன்னு சப்ளையர் சொல்றார். செய்யலாமா?

அம்மா, 150 குறையும் என்பது வாங்கும் நாள் கணக்கு. 202 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் நிக்கல் 304 ரகத்தை விட மிகக் குறைவு. மாவு புளிக்கும், உப்பும் விழும், பலர் கழுவாமல் ராத்திரி முழுக்க விட்டுவிடுவார்கள். அந்த டிரம்மில் துருப் புள்ளி விழ வாய்ப்பு அதிகம். அலுமினியம் காப்பரில் சுமார் 60 சதவீதம்தான் மின்சாரம் கடத்தும். அதே வேலைக்குத் தடித்த ஒயர் வேண்டும், ஸ்டேட்டர் (மோட்டாரில் சுழலாத பகுதி) பள்ளத்தில் அதற்கு இடம் வேண்டும். இடமில்லாமல் அதே தடிமனில் சுற்றினால் மோட்டார் சூடாகும். கெட்டி உளுந்து மாவு ஓடும்போதுதான் அது தெரியும், உங்கள் டெஸ்ட் மேஜையில் வெறும் டிரம் சுற்றும்போது தெரியாது.

ஒரு மோட்டார் மாற்றிக்கொடுக்க உங்களுக்கு 950 ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நூறு பீஸில் மிச்சம் 15,000. கூடுதலாகப் பதினாறு மோட்டார் திரும்பி வந்தால் அது தீர்ந்துவிடும். அவ்வளவு வராது என்று சப்ளையர் சொல்வார். அப்படியானால் முதலில் ஐம்பது பீஸுக்கு அவர் கைப்பட வாரண்டி எழுதித் தரட்டும், முழுக் கல்லோடு ஊறவைத்த உளுந்து போட்டு ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். எப்படி இருந்தாலும் பெட்டியின் மேல் காப்பர் என்று அச்சடித்து உள்ளே அலுமினியம் வைக்காதீர்கள். விலை குறைந்த மாடல் என்றால் அப்படியே எழுதி, தனிப் பேரில், தனி விலையில் விற்கலாம்.

விலையைக் குறைக்க வேறு இடம் இருக்கிறது. உங்கள் ஷீட்டில் அட்டைப்பெட்டிக்கு 130 போட்டிருக்கிறீர்கள், நாலு வண்ண அச்சு. உங்கள் சரக்கில் பெரும்பகுதி பாத்திரக் கடைகளுக்குத்தான் போகிறது, அங்கே பெட்டியைப் பிரித்துத்தான் வைக்கிறார்கள். ஒரு வண்ணத்தில் அச்சடித்தால் என்ன விலை என்று நாளைக்கே கேளுங்கள். பக்கத்து யூனிட்டுகளோடு சேர்ந்து ஊத்துக்குளியிலிருந்து கல் எடுத்தால் லாரி வாடகை பிரியும், அதையும் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.