அசல் டிஸ்சார்ஜ் புத்தகம் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது

கேள்வி: என் தந்தை 1963-இல் மெட்ராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்து 1980-இல் நாயக் பதவியில் ஓய்வுபெற்றார். சென்ற ஆண்டு காலமானார். அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. அப்பாவின் பட்டாளத்து வாழ்க்கையைப் பேரப்பிள்ளைகளுக்காக எழுதி வைக்க ஆசை. வெலிங்டனில் ஆள் இருப்பதாகச் சொல்லும் ஒருவர், பதினைந்தாயிரம் ரூபாயும், பட்டாளத்திலிருந்து விடுவிக்கும்போது தந்த அசல் டிஸ்சார்ஜ் புத்தகமும், பதக்கங்களும் கொடுத்தால் முழு விவரத்தையும் வாங்கி ஒரு தொகுப்பு நூலில் அச்சிட்டுத் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா? எட்டே ஆண்டில் பென்ஷன் இல்லாமல் 1974-இல் வெளியே வந்த சித்தப்பாவின் விவரமும் கிடைக்குமா? – வாசகி, ஆவடி

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அசலை அவர் கண்ணிலேயே காட்டாதீர்கள். மெட்ராஸ் ரெஜிமெண்ட் வீரர்களின் பணிப் பதிவுகளை வைத்திருக்கும் வெலிங்டன் ரெக்கார்ட் ஆபீசில் யாருக்கும் தனி வாசல் கிடையாது. அப்பாவின் ஆர்மி நம்பர், பதவி, பெயர், பட்டாலியன் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, அம்மா கையெழுத்திட்டு ஒரு கடிதம் அனுப்பினால் போதும். இறப்புச் சான்று, ஓய்வூதிய ஆணை ஆகியவற்றின் நகல்களை இணையுங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது; கட்டணம் பத்து ரூபாய், கெடு முப்பது நாள். விதவைகளையே தேடிப் போகும் இந்தத் தரகர்களை நான் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். அஞ்சல் செலவில் முடிகிற வேலைக்கு ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள். கொடுத்த பதக்கம் பழம்பொருள் வியாபாரியின் கண்ணாடிப் பெட்டிக்குப் போய்விடுகிறது. எந்த அலுவலகம் கேட்டாலும் நகல் கொடுங்கள். அசலைக் காட்டிவிட்டுக் கையோடு வாங்கி வாருங்கள்.

அதே கண்டிப்போடு இன்னொன்றும் சொல்கிறேன். டிஸ்சார்ஜ் புத்தகத்தை லேமினேட் செய்யாதீர்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பழைய தாளிலிருந்து பிரிக்கவே முடியாது. ஒவ்வொரு பக்கத்தையும், வெற்றுப் பக்கம் உட்பட, ஸ்கேன் செய்துவிட்டு அசலைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். புகைப்படத்தின் பின்புறம் பெயர் எழுதுவதானால் பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள்.

பதக்கங்களை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து விளிம்பைப் பாருங்கள். நம்பரும் பதவியும் பெயரும் பொடி எழுத்தில் பொறித்திருக்கும். பளபளப்பாக்குகிறேன் என்று பிராஸோ பாலிஷ் போட்டுத் தேய்த்தால் அந்த எழுத்துதான் முதலில் மழுங்கும். எந்தப் பதக்கம் என்பதே பாதிக் கதையைச் சொல்லிவிடும். 1971 போர்க்காலத்தில் பணியில் இருந்ததற்கு சங்க்ராம் மெடல். கூடவே ஐந்து முனை நட்சத்திரம் ஒன்று இருந்தால் போர்முனைக்கே போயிருக்கிறார் என்று பொருள்: பூர்வி ஸ்டார் என்றால் கிழக்கு, பஸ்சிமி ஸ்டார் என்றால் மேற்கு. 1965 போருக்கு ரக்‌ஷா மெடல். போர்ப் பகுதியில் இருந்தவர்களுக்கு சமர் சேவா ஸ்டார்.

சித்தப்பாவின் விஷயம் வேறு. இதை நிதானமாகப் படியுங்கள், பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள். பென்ஷன் பெறாமல் விலகியவர்களின் சர்வீஸ் கோப்பை இருபத்தைந்து ஆண்டுகள் மட்டுமே வைத்திருப்பார்கள். பிறகு ராணுவ விதிப்படியே அழித்துவிடுவார்கள். 1974-இல் வெளியே வந்தவரின் கெடு 1999-இலேயே முடிந்துவிட்டது. எஞ்சியிருப்பது லாங் ரோல் என்ற பதிவேட்டில் நம்பர், பெயர், சேர்ந்த நாள், விலகிய நாள் என்று ஓரிரு வரிகள்தான். அதையும் கேட்டு வாங்குங்கள், அதுதான் அத்தாட்சி. ஆனால் இவருடைய 'முழு ஃபைலை' எடுத்துத் தருகிறேன் என்று எவராவது சொன்னால், இல்லாத பொருளுக்கு விலை பேசுகிறார். சித்தப்பா வீட்டில் டிஸ்சார்ஜ் புத்தகம் இருந்தால் ஏறத்தாழ அதுதான் உலகத்தில் உள்ள ஒரே பிரதி. இன்றே நகலெடுக்கச் சொல்லுங்கள்.

அப்பாவின் கோப்பு கிடைத்தாலும் அவர் பட்ட பாடு அதில் இருக்காது. சேர்ந்த தேதி, பயிற்சி, பதவி உயர்வு, திருமணம், பிள்ளைகள் பிறந்தது எல்லாம் இருக்கும். பட்டாலியன் எந்த நாள் எங்கே நின்றது என்பது பட்டாலியன் போர்க்காலத்தில் எழுதிவந்த வார் டைரி என்ற நாட்குறிப்பில்தான் இருக்கும். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட போர் ஆவணங்களைப் பொதுவாகத் திறந்துவிடுவதென்று பாதுகாப்பு அமைச்சகம் 2021-இல் கொள்கை வகுத்தது. 1971 முடிந்து அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. ஆனாலும் ஒரு நாயக்கின் மகள் தன் தந்தையின் பட்டாலியன் டைரியை எளிதாகப் புரட்டிப் பார்க்க வழியில்லை. போரில் நின்றவனின் வீட்டார் மனுவும் கையுமாக அலைய வேண்டுமா? இது எனக்கு ஆறாத கோபம்.

ஆகவே கடிதத்தை இந்த வாரமே அனுப்பிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அம்மாவிடம் உட்காருங்கள். கைபேசியில் பதிவு செய்யுங்கள். 'போர் எப்படி இருந்தது' என்று கேட்டால் அவருக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. அப்பாவுக்கு எந்த முகவரிக்குக் கடிதம் போட்டீர்கள் என்று கேளுங்கள். ஏ.பி.ஓ. என்பது ராணுவ அஞ்சலகம். 56 ஏ.பி.ஓ. என்றால் மேற்கு அல்லது வடக்குப் பக்கம், 99 ஏ.பி.ஓ. என்றால் கிழக்கு. எந்தப் பிள்ளை பிறந்தபோது எது என்று அவருக்கு நினைவிருக்கும்; அதைக் கொண்டே ஆண்டுவாரியாக அப்பா இருந்த திசையைக் குறித்துவிடலாம். விடுப்பில் வந்தபோது உடன் வந்த நண்பர்களின் பெயரையும் ஊரையும் கேளுங்கள். அவர்களில் யார் இருக்கிறார்கள் என்று மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். அங்கேயும் நகல்தான் கொடுக்க வேண்டும்.