சட்டத்தை மீறினால் தண்டிக்கக் கூடாதா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

அமெரிக்க ஜனாதிபதி ரேகன் 1981-இல் வேலைநிறுத்தம் செய்த விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களை மொத்தமாக வேலையைவிட்டு நீக்கியதைக் கண்டித்து நீங்கள் போன வாரம் எழுதியதைப் படித்தேன். பதினெட்டு வருடமாக டெக்சாஸில் இருக்கிறேன். இங்கே என்னோடு வேலை பார்க்கும் அமெரிக்கர்களில் பலர், அவருடைய கட்சிக்கு ஓட்டுப் போடாதவர்கள்கூட, ரேகனைக் குடும்பத்துப் பெரியவரைப் பற்றிப் பேசுவதுபோலத்தான் பேசுகிறார்கள். நீங்கள் ஒருதலைப்பட்சமாக எழுதிவிட்டீர்கள் என்று தோன்றுகிறது.

மத்திய அரசு ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்யக் கூடாது என்பது சட்டம். அப்படிச் செய்ய மாட்டோம் என்று எழுதிக் கொடுத்துத்தான் வேலையில் சேர்ந்தார்கள். 48 மணி நேரம் அவகாசமும் கொடுத்தார். வரவில்லை, நீக்கினார். ஆகாயத்தில் அத்தனை உயிர்கள் இருக்கும்போது ஒரு ஜனாதிபதி வேறென்ன செய்ய முடியும்? 10,000 டாலர் சம்பள உயர்வும் வாரத்துக்கு 32 மணி நேர வேலையும் கேட்டவர்கள் ஏழைத் தொழிலாளிகளா? அவர் வந்த பிறகுதான் விலைவாசியும் அடங்கியது, இல்லையா?

பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்கு இதே விஷயத்தைப் பற்றிப் பள்ளியில் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் கட்டுரையின் சாரத்தை அவளிடம் சொன்னேன். "அப்படியென்றால் சட்டத்தை மீறினால் தண்டிக்கக் கூடாதா?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்கிறதா?

அன்புடன்,
ஒரு வாசகர், டாலஸ்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகளின் கேள்வி நல்ல கேள்வி. இரண்டு நாளாக அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

முதலில், நீங்கள் சொன்னதில் சரியானவற்றை ஒப்புக்கொள்கிறேன். அந்த வேலைநிறுத்தம் சட்டவிரோதம்தான். மத்திய அரசு ஊழியர்களின் வேலைநிறுத்தத்தை 1947-இலேயே தடை செய்துவிட்டார்கள், 1955-இல் அதைச் சிறைத் தண்டனைக்குரிய குற்றமாகவும் ஆக்கினார்கள். 'பாட்கோ' என்ற அந்தச் சங்கத்தின் தலைவர்கள் 1981 ஜூன் மாதம் அரசோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்திருந்தார்கள், உறுப்பினர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் அதை வேண்டாம் என்றார்கள். நாங்கள் இல்லாமல் ஒரு விமானமும் பறக்காது என்று நம்பினார்கள். அது தப்புக்கணக்கு. விமானிகளின் சங்கம் கைகொடுக்கவில்லை, பொதுமக்களில் பெரும்பாலோர் ரேகன் பக்கம் நின்றார்கள். இதையெல்லாம் போன வாரமே நான் எழுதியிருக்க வேண்டும், எழுதாதது என் குறைதான்.

சரி, இப்போது 1970-க்கு வாருங்கள்.

அந்த வருடம் மார்ச் மாதம் நியூயார்க்கில் தபால்காரர்கள் வேலைக்கு வரவில்லை. சிலர் முழுநேர வேலையில் இருந்துகொண்டே ஏழைகளுக்கான அரசு உதவி வாங்கும் தகுதியில் இருந்தார்கள், அந்த அளவுக்குத்தான் சம்பளம். சில நாட்களில் அது நாடு முழுக்கப் பரவி ஏறக்குறைய 2 லட்சம் பேர் வேலையை நிறுத்தினார்கள். அதே சட்டம், அதே உறுதிமொழி, அதே மத்திய அரசு. ஜனாதிபதி நிக்சன், ரேகனின் அதே குடியரசுக் கட்சிக்காரர், தொழிற்சங்கங்களுக்கு நண்பர் என்று யாரும் சொல்ல முடியாது. அவர் அவசரநிலை அறிவித்தார், கடிதங்களைப் பிரிக்க ராணுவத்தையே அனுப்பினார், கடுமை காட்டத்தான் செய்தார். ஆனால் பேச்சுவார்த்தையும் நடந்தது. சம்பளம் உயர்ந்தது. ஆகஸ்ட் மாதம் தபால் ஊழியர்களுக்குக் கூட்டு பேர உரிமை, அதாவது சங்கமாகச் சேர்ந்து சம்பளத்தைப் பேசி முடிவுசெய்யும் உரிமை, கொடுத்து ஒரு சட்டமே வந்தது. வேலையை விட்டு நீக்கப்பட்டவர் ஒருவர்கூட இல்லை.

உங்கள் மகளுக்கு என் பதில் இதுதான். 1981-இல் 11,345 பேரை வாழ்நாள் முழுக்க வெளியே தள்ளுவதைத் தவிர வேறு வழியே இல்லை என்று சட்டம் ரேகனின் கையைக் கட்டிப்போடவில்லை. அபராதம் போடலாம், தலைவர்கள் மீது வழக்குப் போடலாம், தற்காலிகமாக நீக்கிவிட்டுப் பேசலாம். சங்கத்துக்கு நீதிமன்றங்கள் ஏற்கெனவே அபராதம் விதிக்கத் தொடங்கியிருந்தன. விர்ஜீனியாவில் ஒரு உள்ளூர்ச் சங்கத் தலைவரைக் கையிலும் காலிலும் சங்கிலி பூட்டிக் கூட்டிப்போன படம் பத்திரிகைகளில் வந்தது. தண்டனை நடந்துகொண்டுதான் இருந்தது என்று சொல்கிறேன். அதற்கு மேலும் ஏன் போனார் என்பதுதான் என் கேள்வி.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு 2003 ஜூலை நினைவிருக்கும். வேலைநிறுத்தம் செய்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களையும் ஆசிரியர்களையும் ஒரே வீச்சில் நீக்கினார்கள். அந்தக் கொடுமையில்கூட, மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துப் பெரும்பாலோர் திரும்பி வர முடிந்தது. பாட்கோ ஆட்களுக்கு அந்த வாசலும் இல்லை. 48 மணி நேரத்துக்குள் வேலைக்குத் திரும்பியவர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர். மற்றவர்கள் அந்த வேலைக்கு மறுபடி விண்ணப்பிக்கவே 1993-இல் கிளின்டன் தடையை நீக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முப்பத்தைந்து வயதில் போனவருக்கு நாற்பத்தேழு ஆகியிருக்கும். அக்டோபரில் சங்கத்தின் அங்கீகாரத்தையும் பிடுங்கிவிட்டார்கள்.

எனக்கு இதில் மிகவும் வலிப்பது, இதைச் செய்தவருக்கு வேலைநிறுத்தம் என்றால் என்னவென்று தெரியும் என்பது. திரைப்பட நடிகர்கள் சங்கத்தின் தலைவராக இருந்தவர் அவர். 1960-இல் ஸ்டுடியோக்களுக்கு எதிராக நடிகர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது தலைமையில் இருந்தது அவர்தான், நடிகர்களுக்கு ஓய்வூதியமும் மருத்துவ உதவியும் கிடைத்தது அந்தப் போராட்டத்தில்தான். 1980 தேர்தலில் பாட்கோ அவரைத்தான் ஆதரித்தது! அந்த அக்டோபரில் சங்கத் தலைவர் ராபர்ட் போலிக்குக் கடிதம் எழுதி, நவீன கருவிகள் வாங்கித் தருவேன், ஆள்பலத்தையும் வேலை நேரத்தையும் சரிசெய்வேன் என்று வாக்குக் கொடுத்தார். ஆக, பழைய கருவிகள், ஆள் பற்றாக்குறை, கட்டாய ஓவர்டைம், ஓய்வு வயது வரை தாக்குப்பிடிக்க முடியாமல் உடம்பு கெட்டு வெளியேறுவது என்ற அவர்களுடைய குறைகள் எல்லாமே நியாயம்தான் என்று ஓட்டு வாங்கும்போது அவருக்கே தெரிந்திருந்தது.

அதே தேர்தல் பிரசாரத்தில், தொழிலாளர் தினத்தன்று, நியூஜெர்சியில் போலந்துத் தொழிலாளர் தலைவர் லேக் வலேசாவின் வளர்ப்புத் தந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போலந்துத் தொழிலாளர்களின் துணிச்சலைப் புகழ்ந்தார். 1981 டிசம்பரில் போலந்து அரசு ராணுவச் சட்டம் கொண்டுவந்து வலேசாவின் தொழிற்சங்கத்தை நசுக்கியபோது, ஒருமைப்பாட்டுக்காக வீட்டு ஜன்னலில் மெழுகுவர்த்தி ஏற்றுங்கள் என்று அமெரிக்கர்களைக் கேட்டுக்கொண்டார். போலந்துக்காரர்களுக்கு ஆதரவாகப் பேசியது சரிதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதே மனம் சொந்த நாட்டுத் தொழிலாளியிடம் ஏன் இரங்கவில்லை என்பதுதான் என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியாதது.

அப்புறம் தேதிகளைப் பாருங்கள். ஆகஸ்ட் 3 வேலைநிறுத்தம், ஆகஸ்ட் 5 பணிநீக்கம். ஆகஸ்ட் 13-ஆம் தேதி கலிபோர்னியாவில் தன் பண்ணை வீட்டில் உட்கார்ந்து ரேகன் இரண்டு சட்டங்களில் கையெழுத்துப் போட்டார். ஒன்று, வருமான வரியின் உச்ச விகிதத்தை 70 சதவீதத்திலிருந்து 50-ஆகக் குறைத்தது. மற்றது ஏழைகளுக்கான திட்டங்களின் செலவை வெட்டியது. பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவுக்கான பணமும் அதில் குறைந்தது. வேலைநிறுத்தம் செய்பவர் வீட்டில் இருந்தால் அந்தக் குடும்பம், வேலைநிறுத்தத்துக்கு முன்பே தகுதி இல்லாதிருந்தால், ஃபுட் ஸ்டாம்ப் என்ற அரசு உணவு உதவியைக் கேட்க முடியாது என்ற பிரிவும் அதில்தான் இருந்தது. அப்பா வேலைநிறுத்தத்தில் இருக்கும்போது பிள்ளையின் சாப்பாட்டில் கைவைக்கிற சட்டம் அது, நண்பரே. இந்த மூன்றும் பத்து நாட்களுக்குள் நடந்தவை. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொல்லலாம், சேர்த்து வைத்துப் பார்க்கும்போதுதான் அந்த ஆட்சி யார் பக்கம் நின்றது என்று தெரிகிறது.

அவர்கள் ஏழைகளா என்று கேட்டீர்கள். இல்லை. நல்ல சம்பளம் வாங்கியவர்கள், ராணுவத்தில் வேலை கற்றுக்கொண்டு வந்தவர்கள் பலர், வேறு யாரும் ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டு செய்துவிட முடியாத வேலை. அதனால்தான் அந்த அடி இவ்வளவு தூரம் எட்டியது. இவர்களையே ஜனாதிபதி தூக்கி எறியலாம் என்றால், இறைச்சித் தொழிற்சாலையில் கத்தி பிடிப்பவனும் சுரங்கத்தில் இறங்குபவனும் எம்மாத்திரம்? முதலாளிகளுக்கு இது உடனே புரிந்தது. வேலைநிறுத்தம் செய்பவர்களின் இடத்தில் நிரந்தரமாக வேறு ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1938-லேயே சொல்லியிருந்தது. சொல்லியிருந்தும் பெரிய கம்பெனிகள் அதை அதிகம் பயன்படுத்தவில்லை, ஊர் காறித்துப்பும் என்ற பயம் இருந்தது. கருங்காலி வைப்பது கேவலம் என்ற எண்ணம் அங்கேயும் இருந்த காலம். அந்தக் கேவலத்தை ஜனாதிபதியே செய்து காட்டிய பிறகு யாருக்கு வெட்கம்? 1983-இல் அரிசோனா செம்புச் சுரங்கங்களில் ஃபெல்ப்ஸ் டாட்ஜ் கம்பெனி செய்தது அதைத்தான். மினசோட்டாவில் ஆஸ்டின் என்ற சிற்றூரில் ஹார்மல் இறைச்சி ஆலையில், 1985-இல் தொடங்கிய வேலைநிறுத்தத்தின்போது, மறு வருடம் நடந்ததும் அதுதான்.

ஆயிரம் பேருக்கு மேல் கலந்துகொண்ட வேலைநிறுத்தங்களை அமெரிக்கத் தொழிலாளர் துறை வருடா வருடம் எண்ணி வெளியிடுகிறது. 1980-இல் 187. ரேகன் ஆட்சியின் கடைசி முழு வருடமான 1988-இல் 40. 2009-இல் 5. தொழிலாளர்களுக்குக் குறையே இல்லாமல் போனதாலா இப்படிக் குறைந்தது? அவருடைய எட்டு வருடமும் மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 3.35 டாலரிலேயே நின்றது, ஒரு காசு கூடவில்லை.

விலைவாசி பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பணவீக்கத்தை அடக்கியது மத்திய வங்கித் தலைவர் பால் வோல்க்கர் ஏற்றிய வட்டி விகிதம், அவரை நியமித்தது ரேகனுக்கு முன்பிருந்த கார்ட்டர். அந்த மருந்தின் விலையாக 1982 கடைசியில் வேலையின்மை 10.8 சதவீதம்வரை போனது. யார் அந்த விலையைக் கொடுத்தார்கள் என்று எவரும் இன்று பேசுவதில்லை.

ஆகாயத்தில் இருக்கும் உயிர்களைப் பற்றிச் சொன்னீர்களே, எனக்கும் அதுதான் கவலை. அனுபவசாலிகள் பதினோராயிரம் பேரை ஒரே நாளில் வெளியேற்றினால் அந்த இடத்தை நிரப்ப எவ்வளவு நாள் ஆகும்? ஆரம்ப நாட்களில் பெரிய விமான நிலையங்களில் பறப்புகளையே பெருமளவு வெட்டினார்கள். மேற்பார்வையாளர்களும் ராணுவக் கட்டுப்பாட்டாளர்களும் திரைகளின் முன் உட்கார்ந்தார்கள். பழைய நிலைக்கு ஆள்பலம் திரும்ப ஏறக்குறைய பத்து வருடம் ஆனது. அதோடு முடியவில்லை. இந்த வேலையில் 56 வயதில் கட்டாய ஓய்வு. எண்பதுகளில் அவசர அவசரமாக மொத்தமாக எடுத்தவர்கள் எல்லாரும் 2000-க்குப் பிறகு மொத்தமாக ஓய்வுபெற்றார்கள், மறுபடியும் பற்றாக்குறை. வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்குப் பத்து மணி நேரம் வேலை என்று இன்றைக்கும் அங்கே கட்டுப்பாட்டாளர்கள் சொல்வதை நீங்களே செய்திகளில் கேட்டிருப்பீர்கள்.

இன்றைக்கும் ஏன் இதைத் தமிழில் எழுத வேண்டும் என்று வேறு சில வாசகர்களும் கேட்டிருந்தார்கள். 2025 மார்ச் 27 அன்று டிரம்ப் ஓர் உத்தரவு போட்டார். தேசப் பாதுகாப்பு என்று காரணம் சொல்லி, முன்னாள் ராணுவத்தினர் நலத்துறை, சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை உட்படப் பல துறைகளின் ஊழியர்களிடமிருந்து கூட்டு பேர உரிமையை எடுத்துவிட்டார். அதே மாதத் தொடக்கத்தில் விமான நிலையங்களில் பையைச் சோதிக்கும் ஊழியர்களின் ஒப்பந்தத்தை அவருடைய அரசு ரத்து செய்தது, ஏறக்குறைய 47,000 பேர். இவர்கள் வேலைநிறுத்தமே செய்யவில்லை, எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. 1981-இல் சட்ட மீறல் என்ற காரணமாவது இருந்தது, இப்போது அதுகூடத் தேவைப்படவில்லை. அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகள் வேலை செய்யும் நாட்டில் நடப்பது இது. அவர்களுக்கும் ஒரு நாள் முதலாளியின் எதிரே உட்கார்ந்து பேச வேண்டிவரும்.

உங்கள் மகளின் கட்டுரைக்கு இரண்டு விஷயங்களைத் தேடிப் படிக்கச் சொல்லுங்கள். ஒன்று 1970 தபால் வேலைநிறுத்தம், அதையும் 1981-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். இரண்டாவது 1987. நீக்கப்பட்டவர்களின் நாற்காலிகளில் வந்து உட்கார்ந்தார்களே புதியவர்கள், அவர்கள் ஆறே வருடத்தில் தங்களுக்கென்று ஒரு சங்கம் கட்டினார்கள். ஓவர்டைம், களைப்பு, பழைய கருவிகள், பேச்சைக் காதில் வாங்காத அதிகாரிகள் என்று பழைய ஆட்கள் சொன்ன குறைகள்தான் அப்போதும். அந்தச் சங்கம் இன்றும் இருக்கிறது.

ரேகன் செய்தது சரி என்றே அவள் எழுதினாலும் பரவாயில்லை. எழுதி முடித்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்பச் சொல்லுங்கள், ஆங்கிலத்திலேயே இருக்கட்டும், நான் படித்துவிட்டு அவளுக்கே பதில் எழுதுகிறேன்.

அன்புடன்.